கலரா, சோடாவா? – வாசகர் கேள்வி பதில்

வெயில் ஏற ஏற, சோடா, கலர் பற்றிய கேள்விகளும் வந்து குவிகின்றன. அவற்றில் சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். உணவுப் பதப்படுத்தல் படித்தவர்களும், சோடா கம்பெனி வேலையின் உள்ளும் புறமும் தெரிந்தவர்களும் பதில் சொல்கிறார்கள்.

எங்கள் ஊரில் பிறந்த பொவண்டோ குளிர்பானத்துக்கு இன்னமும் இத்தனை ரசிகர்கள் இருப்பது வெறும் ஊர்ப்பாசமா, ருசியிலும் விஷயம் இருக்கிறதா?
– வாசகர், விருதுநகர்

பாசத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் மிச்சம் இருக்கிறது. கோலா என்றால் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் எண்ணெயும் பட்டை, ஜாதிக்காய் மணமும் கலந்த ஒன்று. புளிப்புக்குப் பெரும்பாலும் பாஸ்பாரிக் அமிலம் சேர்ப்பார்கள். பொவண்டோவில் முன்னால் வந்து நிற்பது திராட்சை வாசனை. கோலாவின் கசப்பு அதற்குப் பின்னால்தான் எட்டிப் பார்க்கும். பரோட்டா சால்னாவுக்கோ பிரியாணிக்கோ பிறகு குடிப்பவர்களுக்கு இந்த வரிசை பிடித்துப்போகிறது. காரமும் எண்ணெயும் உட்கார்ந்திருக்கும் நாக்கில் பழ வாசனை சட்டென்று ஏறும். மசாலா மணத்தின் மேல் இன்னொரு மசாலா மணம் அந்த அளவுக்கு எடுபடாது.

ஒரு நுணுக்கமும் சொல்ல வேண்டும். 'திராட்சை கலர்' எதுவானாலும் அது பழத்தின் ருசியில் இல்லையே என்று பலர் குறைப்படுவார்கள். கடையில் விற்கும் திராட்சை எசென்ஸ்களில் முக்கிய மணப்பொருள் மீத்தைல் ஆந்த்ரனிலேட். அமெரிக்காவின் கான்கார்டு திராட்சையில் இயற்கையாகவே இருப்பது அது. நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை வேறு வகை. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பழத்தின் மணம் லினலூல் போன்ற பூவாசப் பொருள்களால் வருவது. அதனால்தான் பழத்தைக் கடித்தால் ரோஜா சாயல் அடிக்கிறது, கலரைக் குடித்தால் அடிப்பதில்லை. எசென்ஸ் மட்டம் என்று அர்த்தமில்லை. அது வேறொரு திராட்சையின் வாசனை, அவ்வளவுதான்.

சரித்திரமும் கை கொடுத்தது. காளிமார்க் நிறுவனத்தை 1916-ல் பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் விருதுநகரில் தொடங்கினார். அந்த நிறுவனத்தின் பொவண்டோ 1950-களின் இறுதியில் வந்தது. 1977-ல் கோக கோலா இந்தியாவை விட்டுப் போனது. 1993-ல் திரும்பி வந்த கையோடு தம்ஸ் அப், லிம்கா, கோல்டு ஸ்பாட் எல்லாவற்றையும் வாங்கிப் போட்டது. அந்த அலையில் பல ஊர்களின் கலர்கள் காணாமல் போயின. இவர்கள் நின்றார்கள். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்தபோது, மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று தமிழக வணிகர் சங்கங்கள் அறிவித்தன. காலியான குளிர்பெட்டிகளில் உள்ளூர்ச் சரக்கு ஏறியது. இப்போது போட்டி வேறு ரூபத்தில் வந்திருக்கிறது. 2023-ல் ரிலையன்ஸ் மறுபடி இறக்கிய கேம்பா கோலாவின் பத்து ரூபாய் பாட்டில், பெரிய கம்பெனிகளையே விலையை யோசிக்க வைத்தது. பாசத்துக்கு உண்மையான பரீட்சை இந்தப் பத்து ரூபாயில்தான் நடக்கிறது.

கோலி சோடா பாட்டிலுக்குள் கோலி எப்படிப் போனது? மூடியே இல்லாமல் கேஸ் எப்படி நிற்கிறது? குடிக்கும்போது கோலி வந்து அடைப்பதற்கு என்ன செய்வது?
– பள்ளி மாணவர், கடலூர்

மூன்று கேள்விக்கும் பதில் பாட்டிலின் கழுத்தில்தான் இருக்கிறது. பாட்டிலைச் செய்யும்போது வாய்ப் பகுதியை அகலமாக விட்டு, கோலியைப் போட்டு, பிறகு வாயைச் சூடாக்கிக் குறுக்கிவிடுவார்கள். குறுகிய வாயின் உள்பக்கம் ஒரு பள்ளக் கோடு ஓடும். அதில் ரப்பர் வளையத்தைப் பொருத்துவார்கள். கோலி இனி வெளியே வராது. கழுத்து கொஞ்சம் கீழே இடுக்கப்பட்டிருப்பதால் வயிற்றுக்குள்ளும் விழாது. நடுவில் அதற்கென்று ஒரு சின்ன அறை.

அடைப்பது கேஸேதான். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து நிரப்புவார்கள். நிரம்பியதும் கோலி தன் எடையால் வாய்ப்பக்கம் வந்து ரப்பர் வளையத்தில் உட்காரும். உள்ளே இருக்கும் அழுத்தம் அதை வளையத்தோடு நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். பிறகு நேராக நிமிர்த்தினாலும் விழாது. அழுத்தம் கூடக்கூட அடைப்பு இறுகும். மற்ற மூடிகளில் அழுத்தம் மூடியைத் தள்ளிவிடப் பார்க்கும், இதில் அதே அழுத்தம்தான் மூடியைக் காக்கிறது. ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1870-களின் தொடக்கத்தில் காப்புரிமை வாங்கிய யோசனை இது. ஜப்பானில் ராமுனே என்ற பானம் இன்றும் இதே பாட்டிலில் வருகிறது.

சோடாவைத் திறக்கும்போது, கோலியை உள்ளே தள்ளும் கட்டைக் குமிழைப் பாட்டில் வாயில் வைத்து உள்ளங்கையால் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். 'டப்' என்று கோலி விழுந்ததும் உடனே எடுத்துவிடாமல், நாலைந்து விநாடி அப்படியே பிடித்திருங்கள். உடனே எடுத்தால் பொங்கிச் சட்டையில் வழியும். கையால் குத்துவதோ, கட்டை விரலை நேராக உள்ளே விடுவதோ வேண்டாம். வாய் விளிம்பில் சிராய்ப்பு இருந்தால் விரல் கிழியும்.

கழுத்தில் ஒரு பக்கமாக இரண்டு பள்ளங்கள் தெரியும். பாட்டிலைச் சாய்க்கும்போது அந்தப் பள்ளங்கள் கீழ்ப்பக்கம் இருக்கட்டும். உருண்டு வரும் கோலி அதில் தங்கிவிடும், சோடா தடையில்லாமல் வரும். பாட்டிலைத் திருப்பிப் பிடித்தால் கோலி நேராக வாய்க்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். செங்குத்தாகக் கவிழ்த்தாலும் அப்படித்தான். அண்ணாந்து மடக்கு மடக்கென்று குடிக்க நினைப்பவர்கள் தோற்பது இங்கேதான்.

பன்னீர் சோடாவில் பன்னீர் எங்கே இருக்கிறது? வடநாட்டுத் தோழி ஒருத்தி பாலாடைக்கட்டி மிதக்குமா என்று கேட்கிறாள்.
– வாசகி, கோயம்புத்தூர்

மிதக்காது என்று சொல்லிவிடுங்கள். நமக்குப் பன்னீர் என்றால் முதலில் ரோஜாப்பூவிலிருந்து வடித்த வாசனை நீர். கல்யாண வாசலில் தெளிக்கிறோமே, அந்தப் பெயர்தான். பனீர் பட்டர் மசாலா நம் ஊருக்கு வந்தது பிற்பாடு.

வீட்டில் பன்னீர் சோடா செய்தால் ஒன்று திகட்டுகிறது, இல்லையென்றால் கேஸ் இல்லாமல் சர்பத் மாதிரி ஆகிவிடுகிறது. சரியான அளவு சொல்லுங்கள்.
– வாசகி, திண்டுக்கல்

திகட்டுவது சிரப்பின் அளவால். கேஸ் போவது சிரப்பின் சூட்டால். முதலில் அளவு.

வெள்ளைச் சர்க்கரை 500 கிராம், தண்ணீர் 275 மி.லி. அடுப்பில் வைத்துக் கரைத்து, கொதி வந்ததும் இரண்டே நிமிடம். மேலே ஒதுங்கும் அழுக்கு நுரையைக் கரண்டியால் எடுத்துவிட்டு, நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். சிட்ரிக் அமிலம் 3 கிராம் சேருங்கள், தேக்கரண்டியில் தலைதட்டி முக்கால் அளவு வரும். நன்றாக ஆறிய பிறகு, கை வைத்தால் சூடே தெரியக் கூடாது, சமையலுக்கான ரோஜா நீர் 60 மி.லி. கலக்குங்கள். சூட்டோடு ஊற்றினால் வாசனை ஆவியோடு வெளியேறி, வீடு மணக்கும், சோடா மணக்காது. மொத்தம் 650 மி.லி. சொச்சம் சிரப் கிடைக்கும். ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு மாதம் தாங்கும்.

ஒரு தம்ளருக்கு 26 மி.லி. சிரப், 175 மி.லி. சோடா. மேசைக்கரண்டியில் அளந்தால் இரண்டுக்குச் சற்றுக் குறைவு. இந்த அளவில் தம்ளருக்குச் சர்க்கரை 20 கிராம், கடைக் கலர்களின் இனிப்பு ஏறத்தாழ இதுதான். திகட்டுகிறது என்பவர்கள் பெரும்பாலும் 40 மி.லி. ஊற்றுகிறவர்கள். குறைவாக வேண்டுமென்றால் 20 மி.லி.-க்கு இறங்கலாம். அதற்கும் கீழே போனால் சோடாவின் கரகரப்பு ரோஜாவை அமுக்கிவிடும்.

கேஸ் போகாமல் இருக்க, சிரப், சோடா, தம்ளர் மூன்றும் சில்லென்று இருக்க வேண்டும். வெதுவெதுப்பான சிரப்பில் சோடா பட்டதுமே பாதி கேஸ் நுரையாக எழும்பிப் போய்விடும். சிரப் அடியில், சோடா மேலே. தம்ளரைச் சாய்த்து ஓரமாக ஊற்றி, நீளக் கரண்டியால் அடியிலிருந்து ஒரே ஒரு முறை தூக்கிவிடுங்கள். டீ ஆற்றுகிற மாதிரி கலக்கினால் மிஞ்சுவது சர்பத்துதான். சிரப்பை வடிகட்டாமல் விட்டாலும் இதே தொல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு துகளும் குமிழி பிறக்க ஒரு இடம்.

மிக முக்கியமான ஒன்று. விசேஷ வீடுகளில் தெளிக்க விற்கும் பன்னீரை ஊற்றிவிடாதீர்கள். அது குடிப்பதற்காகச் செய்ததில்லை. உணவுப் பாதுகாப்பு உரிம எண் அச்சிட்ட, சமையலுக்கான ரோஜா நீர்தான் வேண்டும். எசென்ஸ் வாங்கினால் அதன் காட்டம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மொத்தச் சிரப்புக்கும் நாலு சொட்டில் தொடங்கி ருசி பார்த்துக் கூட்டுங்கள். கூடினால் சோப்புத் தண்ணீர் வாசனை அடிக்கும், பிறகு அதைச் சரிக்கட்ட வழியில்லை.

சிறிய அளவில் சோடா கம்பெனி வைத்திருக்கிறோம். மார்கழியில் நன்றாக ஏறும் கேஸ், சித்திரையில் ஏறுவதில்லை. சிலிண்டரைத் திறந்து விட்டாலும் 'சப்பென்று இருக்கு' என்று கடைக்காரர்கள் பாட்டிலைத் திருப்புகிறார்கள்.
– வாசகர், ஆம்பூர்

சிலிண்டரைத் திறந்து விடுவது தீர்வு இல்லை, தண்ணீரைக் குளிர்விப்பதுதான் தீர்வு. கரியமில வாயு குளிர்ந்த தண்ணீரில்தான் நன்றாகக் கரையும். சாதாரணக் காற்றழுத்தத்தில், 15 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய ஒரு லிட்டர் வாயுவைப் பிடித்துக்கொள்ளும். 30 டிகிரியில் மூன்றில் இரண்டு பங்குதான். நல்ல கரகரப்பான சோடாவுக்குத் தண்ணீரைப் போல நான்கு மடங்கு கொள்ளளவு வாயு வேண்டும், எடையில் லிட்டருக்கு 8 கிராம். இதை ஏற்ற, தண்ணீர் 4 டிகிரியில் இருந்தால் 25 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும். 15 டிகிரியில் 43 ஆகும். 30 டிகிரியில் 75-ஐத் தொடும். அப்படியே ஏற்றினாலும் பாட்டிலை வெளியே எடுக்கும் நொடியில் சூடான தண்ணீர் வாயுவை விட்டுவிடும். கடைக்காரர் திறக்கும்போது 'புஸ்' சத்தம் பெரிதாக இருக்கும், குடித்தால் சப்பென்று இருக்கும். புகார் அதுதானே?

ஆக, சித்திரைக்கென்று சில்லர் ஒன்று வேண்டும். முடியாதவர்கள் தண்ணீர்த் தொட்டியை முந்தின இரவே ஐஸ் பெட்டிக்குள் வைக்கலாம். ஐஸ் வெளியே, தண்ணீர் உள்ளே. ஐஸ் கட்டியைத் தொட்டிக்குள்ளேயே போடுகிறவர்கள் உண்டு, அந்த ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று அவர்களுக்கே தெரியாது.

இரண்டாவது சந்தேகம் காற்று. தொட்டியின் மேல் வெற்றிடத்தில் சாதாரணக் காற்று அடைபட்டிருந்தால், கருவி காட்டும் அழுத்தத்தில் ஒரு பங்கு அந்தக் காற்றுடையது. முள் 60 காட்டும், வாயு அந்த அளவுக்கு ஏறியிருக்காது. தண்ணீரில் கரைந்த காற்று இன்னும் தொல்லை. பாட்டிலைத் திறந்ததும் முதலில் கிளம்பி ஓடுவது அது. ஓடும்போது வாயுவையும் கிளப்பிக்கொண்டு போகும். தொட்டியை நிரப்பியதும் கொஞ்சம் வாயு விட்டு, மேல் வால்வைத் திறந்து வெளியேற்றுங்கள். இரண்டு முறை இப்படிச் செய்துவிட்டுப் பிறகு அழுத்தம் ஏற்றுங்கள். வீணாகும் வாயு சொற்பம்.

மூன்றாவது, தண்ணீரின் குணம். காரத்தன்மை கூடிய கிணற்றுத் தண்ணீர் கலரில் சேர்க்கும் சிட்ரிக் அமிலத்தின் ஒரு பகுதியைத் தின்றுவிடும், ருசி மழுங்கும். குளோரின் போட்ட தண்ணீர் எசென்ஸ் வாசனையைக் கெடுக்கும். கரி வடிகட்டி, அதற்குப் பின் ஆர்.ஓ. என்ற வரிசை மாறக் கூடாது. குளோரின் ஆர்.ஓ. சவ்வையும் அரிக்கும்.

சிலிண்டர் விஷயத்தில் முள்ளை நம்பாதீர்கள், தராசை நம்புங்கள். உள்ளே திரவம் இருக்கும் வரை அழுத்தம் மாறாமல் ஒரே அளவைக் காட்டும், 20 டிகிரியில் சுமார் 830 பி.எஸ்.ஐ. திரவம் தீர்ந்த பிறகுதான் மளமளவென்று இறங்கும். வெயில் காலத்தில் முள் தானாக மேலே ஏறுவதும் சரக்கு கூடியதால் இல்லை, சூட்டால்தான். காலிச் சிலிண்டரின் எடை அதன் தோளில் பொறித்திருக்கும், கழித்துப் பாருங்கள். 30 கிலோ வாயு என்றால், 300 மி.லி. பாட்டிலுக்கு 2.4 கிராம் வீதம் ஏட்டுக் கணக்கில் 12,500 பாட்டில். வெளியேற்றுவது, கசிவது போக உங்களுக்கு எத்தனை தேறுகிறது என்று ஒரு மாதம் எழுதிவைத்தால் பழுது எங்கே என்று தானே தெரியும். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

உணவுத் தர வாயுவைத்தான் வாங்க வேண்டும். வெல்டிங் கடைக்கு வரும் சிலிண்டர் விலை குறைவு என்று சிலர் அதையே மாட்டுகிறார்கள். அதில் எண்ணெய் வாடை இருந்தால் மொத்தச் சரக்கும் போயிற்று. சிலிண்டரைப் படுக்க வைத்து ஓட்டாதீர்கள், திரவம் குழாய்க்கு வந்துவிடும். இந்த வாயு காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும், வாசனையும் கிடையாது. தரையை ஒட்டிக் காற்றுப் போக்கு இல்லாத அறையில் சோடா போடுவது ஆளைக் கொல்லும் வேலை. கம்பி வலைக் கூண்டு, கையுறை, கண்ணாடி இல்லாமல், பாட்டிலைச் சுழற்றிக் கேஸ் ஏற்றும் பழைய சுற்றுமெஷின் பக்கம் யாரையும் விடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் உள்ள ஒரு பாட்டில் போதும்.

கோலி பாட்டிலுக்குள் பிரஷ் போவதில்லையே, எப்படித்தான் கழுவுகிறார்கள்? வளையம் கறுத்திருந்தால் குடிக்கலாமா?
– வாசகர், திருநெல்வேலி

நியாயமான பயம். கோலியும் இடுக்கும் இருப்பதால் பிரஷ் நுழையாது. ஊறவைப்பது ஒன்றுதான் வழி. ரப்பர் வளையத்தைக் கழற்றிவிட்டு, முதலில் வெந்நீரில் அலசி, பிறகு லிட்டருக்கு 20 முதல் 30 கிராம் காஸ்டிக் சோடா கரைத்த 60 டிகிரி நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறப்போட வேண்டும். குளிர்ந்த பாட்டிலைச் சட்டென்று கொதிநீரில் முக்கினால் விரிசல் விடும், படிப்படியாகத்தான் சூடேற்ற வேண்டும். கடைசியில் பாட்டிலைக் கவிழ்த்து உள்ளே நீரைப் பீய்ச்சி நாலைந்து முறை அலச வேண்டும். அலசிய நீரில் சிவப்பு லிட்மஸ் தாள் நீலமானால் காஸ்டிக் இன்னும் மிச்சம், மறுபடி அலசல். கோலிக்கும் வளையத்துக்கும் நடுவில் உள்ள அந்தக் கால் அங்குலத்தில்தான் கசடு தங்கும். கம்பெனியின் யோக்கியதை அங்கே தெரிந்துவிடும்.

வளையம் நிறத்தாலேயே கறுப்பு என்றால் பயமில்லை. விரலால் தொட்டால் பிசுபிசுப்பு, வெடிப்பு, கறுப்பு மாவு ஒட்டுவது – இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் திருப்பிக் கொடுங்கள். வளையம் இறுகிப்போனால் கேஸும் கசியும். அதே வளையத்தை மாதக்கணக்கில் ஓட்டுவது காசு மிச்சம் பண்ணுவது ஆகாது. திரும்பி வரும் பாட்டில்களின் செலவு அதைவிடக் கூடுதல்.

லெமன் சோடாவில் உப்புப் போட்டதும் ஏன் அப்படிப் பொங்குகிறது? கடையில் பொங்குவதில்லை, வீட்டில் மேசையெல்லாம் ஆகிறது.
– வாசகி, மதுரை

கடையில் அவர் கையைக் கவனியுங்கள். எலுமிச்சையைப் பிழிந்து, உப்பை அந்தச் சாற்றிலேயே போட்டு, கரண்டியால் நாலு சுற்றுக் கரைத்துவிட்டுத்தான் சோடாவை ஊற்றுவார். நாம் சோடாவை ஊற்றிவிட்டு மேலே உப்பைத் தூவுகிறோம். உப்புப் பரலின் சொரசொரப்பில் நூற்றுக்கணக்கான இடங்களில் ஒரே நேரத்தில் குமிழி கிளம்புகிறது. கரைந்த உப்பில் அந்தச் சொரசொரப்பு இல்லை. அரை மூடி எலுமிச்சைக்குக் கால் தேக்கரண்டி உப்பு போதும். விதை விழுந்தால் எடுத்துவிடுங்கள், கசப்பு மட்டுமில்லை, அதுவும் பொங்க வைக்கும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு இந்த உப்பு கணக்கில் சேர வேண்டிய உப்புதான்.

சாப்பிட்டது செரிக்கவில்லை என்றால் எங்கள் வீட்டுப் பெரியவர் சோடா வாங்கி வரச் சொல்கிறார். உண்மையிலேயே செரிக்குமா?
– வாசகர், தஞ்சாவூர்

ஏப்பம் வரும். வயிற்றின் மேல்பகுதியில் அடைத்துக்கொண்டிருந்த காற்று, சோடாவின் வாயுவோடு சேர்ந்து வெளியேறும்போது இலேசாகத் தோன்றுவது நிஜம். ஆனால் சோறு அதனால் வேகமாகச் செரித்துவிடாது. நெஞ்செரிச்சலும் புளியேப்பமும் அடிக்கடி வருகிறவர்களுக்கு சோடா எதிர்ப்பக்கம் வேலை செய்யும். வயிறு உப்பி, அமிலம் மேலே ஏறும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நெஞ்சில் பாரம், இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்வை – இதை 'வாயுப் பிடிப்பு' என்று நினைத்துச் சோடா குடித்துப் படுத்துக்கொள்வது நம் வீடுகளில் சகஜம். அது மாரடைப்பாக இருக்கலாம். அந்த நேரத்தில் ஓட வேண்டியது மருத்துவமனைக்கு, சோடாக் கடைக்கு அல்ல.

கண்ணாடி பாட்டில் கலர்தான் ருசி என்கிறார் கணவர். பிளாஸ்டிக்கிலும் அதே சரக்குதானே?
– வாசகி, சென்னை

உங்கள் கணவர் பக்கம்தான் நியாயம். சரக்கு ஒன்றுதான், ஆனால் பெட் (PET) எனப்படும் பிளாஸ்டிக் பாட்டிலின் சுவர் வழியாக வாயு மெதுவாகக் கசிந்துகொண்டே இருக்கும். கண்ணாடியில் கசியாது. பாட்டில் சிறிதாகச் சிறிதாக, உள்ளே இருக்கும் அளவுக்கு ஒப்பிட்டால் சுவர் பரப்பு அதிகம், அதனால் 200 மி.லி. பாட்டில் ஒன்றரை லிட்டரைவிடச் சீக்கிரம் சப்பென்று ஆகும். சின்ன பாட்டில் வாங்கும்போது தயாரித்த தேதியைப் பாருங்கள், காலாவதி தேதி வரை காத்திருக்காதீர்கள். வெயிலில் அடுக்கிவைத்த கடையில் வாங்கியது என்றால் கசிவு இன்னும் வேகம்.

பெரிய பாட்டிலைப் பாதி குடித்துவிட்டு, காற்று போக அமுக்கி மூடி வைப்பவர்கள் உண்டு. அமுங்கிய பாட்டில் மறுபடி விரிய இடம் இருக்கிறது, அந்த இடத்தை நிரப்ப சோடாவிலிருந்து வாயு வெளியேறும். அமுக்காமல் இறுக மூடிக் குளிரில் வையுங்கள்.

பத்து வயதுப் பையன் தினமும் ஒரு கலர் கேட்கிறான். எவ்வளவு கொடுக்கலாம்?
– வாசகி, நாமக்கல்

தினமும் கூடாது. பொதுவாகக் கலர்களில் 100 மி.லி.-க்கு 10, 11 கிராம் சர்க்கரை இருக்கும். 200 மி.லி. பாட்டில் ஒன்றில் 20 முதல் 22 கிராம், நான்கைந்து தேக்கரண்டி. சேர்க்கும் சர்க்கரையை ஒரு நாளுக்கு 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கே சொல்கிறது. காபி, பிஸ்கட், மிட்டாய் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். விருந்து, திருவிழா நாளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தால் பல்லில் படும் அமிலம் குறையும். குடித்த உடனே பல் தேய்க்க விடாதீர்கள், எனாமல் இளகியிருக்கும். வாய் கொப்பளித்துவிட்டு அரை மணி கழித்துத் தேய்க்கலாம். லேபிளில் காஃபீன் என்று போட்டிருந்தால் மாலைக்குப் பிறகு வேண்டாம்.

கோலி சோடா தொழில் தொடங்க நினைக்கிறேன். வரி எவ்வளவு?
– வாசகர், ஈரோடு

இனிப்போ வாசனையோ சேர்க்காத வெறும் சோடாவுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி., அதற்கு முன் 18. பன்னீர், எலுமிச்சை, திராட்சை என்று வாசனையோ சர்க்கரையோ சேர்த்துவிட்டால் 40 சதவீதம். முன்பும் 28-ம் 12 செஸும் சேர்ந்து அதே சுமைதான். சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் சேரலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குளிர்பானம் தயாரிப்பவர்களை 2019 அக்டோபரிலிருந்து அதிலிருந்து விலக்கிவிட்டார்கள். பன்னீர் சோடாவை வெறும் சோடா என்று பில் போடும் சாமர்த்தியம் தணிக்கையில் மாட்டும்.

பழப்படம் போட்ட லேபிளிலும் கவனம் வேண்டும். பழச்சாறு சேர்த்த கார்பனேற்றிய பானம் என்று சொல்ல 10 சதவீதம் சாறு இருக்க வேண்டும், எலுமிச்சைக்கு 5. எசென்ஸ் மட்டும் போட்டுவிட்டுப் பழக்குலையை அச்சடித்தால் உணவுப் பாதுகாப்பு அதிகாரி எளிதில் பிடித்துவிடுவார்.

அவசரத்துக்கு ஃப்ரீசரில் வைத்த கோலி பாட்டில் வெடித்துவிட்டது. சீக்கிரம் குளிர்விக்க வேறு வழி?
– வாசகி, நாகர்கோவில்

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய ஒன்பது சதவீதம் பெருக்கும். உறைந்த பகுதியில் வாயுவுக்கு இடமில்லை, அது மிச்சமுள்ள திரவத்திலும் மேல் வெற்றிடத்திலும் நெருக்கும். கண்ணாடி தாங்காது. ஃப்ரீசர் பக்கமே கொண்டு போகாதீர்கள். சிதறிய துண்டுகளைப் பொறுக்கும்போது ஃப்ரீசரை அணைத்து ஐஸ் முழுதும் உருகவிடுங்கள், ஐஸில் ஒட்டிய சில்லு கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் திறந்திருந்த பால், மாவு, ஐஸ்கிரீம் எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள்.

வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், இரண்டு கைப்பிடி கல் உப்பு. பாட்டிலைக் கழுத்து வரை அமிழ்த்தி, அவ்வப்போது மெல்லத் திருப்பிவிட்டால் பதினைந்து நிமிடத்தில் சில்லென்று ஆகிவிடும். ஐஸ் மட்டும் போட்டால் ஆகாது, பாட்டிலைச் சுற்றித் தண்ணீர் இருந்தால்தான் குளிர் ஏறும். வெயிலில் நின்ற காரிலிருந்து எடுத்த பாட்டில் என்றால் உடனே ஐஸில் முக்காதீர்கள். முதலில் பத்து நிமிடம் நிழலில், பிறகு சாதாரணத் தண்ணீரில், அதற்கப்புறம் வாளி.